புறங்கைத் தேன்

1980-களின் தொடக்கத்தில் தென் ஃப்ளோரிடாவின் அரசுக் கிடங்கு முற்றங்களில் படகுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. கரீபியன் கடல் வழியாகக் கஞ்சாவும் கொக்கெய்னும் ஏற்றி வந்து பிடிபட்டவை. பக்கத்திலேயே கார்கள், சின்ன விமானங்கள். வழக்கு முடிகிற வரை எதையும் விற்க முடியாது. வழக்கோ மாதக்கணக்கில் இழுக்கும். உப்புக் காற்று அதுவரை காத்திருக்காது. எஞ்சினுக்குள் துரு இறங்கும், இருக்கை உறை கிழியும், கழற்றக்கூடியதெல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். கடைசியில் ஏலத்துக்கு வரும்போது நிறுத்தி வைத்த செலவுக்கே விலை கட்டாது.

1983 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் இதைப் பற்றியே ஓர் அறிக்கை வெளியிட்டது. பிடித்த கார், படகு, விமானங்களை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு விற்றால் பணமும் மிச்சமாகும், போலீசுக்கும் பயன்படும் என்பது அதன் சாரம். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1981 ஏப்ரலில், அதே அலுவலகம் வேறொரு குறையைச் சொல்லியிருந்தது. போதைப்பொருள் கடத்துகிறவனின் சொத்தைப் பறிமுதல் செய்ய 1970-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் அதை எடுத்துப் பயன்படுத்த ஆளில்லை என்று. பிடிப்பதே இல்லை என்பது ஒரு புகார். பிடித்ததும் பாழாகிறது என்பது இன்னொரு புகார். இரண்டுக்கும் ஒரே மருந்தாகத்தான் அந்த ஏற்பாடு பிறந்தது: பறிமுதல் செய்த சொத்தில் உள்ளூர் போலீசுக்கும் ஒரு பங்கு.

அன்றைய மயாமியை நினைத்துப் பார்த்தால் இதைக் கேட்டவர்கள் ஏன் தலையாட்டினார்கள் என்பது புரியும். போதைப்பொருள் விற்ற ரொக்கம் அந்த ஊர் வங்கிகளில் மலையாகக் குவிந்தது. நாட்டின் மற்ற பல ஊர்களில் மத்திய வங்கிக் கிளைகளிலிருந்து நோட்டு வெளியே போய்க்கொண்டிருக்க, மயாமி கிளையில் உள்ளே வந்துகொண்டே இருந்தது. உபரி பல நூறு கோடி டாலர். இந்தப் பணத்தைத் துரத்த மத்திய அரசிடம் இருந்த போதைத் தடுப்பு அதிகாரிகள் சில ஆயிரம் பேர். எந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு ராத்திரியில் வண்டி வந்து போகிறது என்று தெரிந்தவர்கள் உள்ளூர் போலீசார். நாடு முழுக்க அவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் ராத்திரி கண்விழித்துப் பிடித்துக் கொடுத்த பணம் மத்திய கருவூலத்துக்குப் போய்விடும். கூடுதல் நேரச் சம்பளம் மட்டும் ஊராட்சியின் தலையில் விழும். துப்பு எங்களுடையது, ஆபத்து எங்களுடையது, பணம் மட்டும் வாஷிங்டனுக்கா என்று ஒரு ஷெரீஃப் கேட்டால் அதில் நியாயம் இருந்தது. எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. இந்தக் கதையில் ஆரம்பத்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை.

1984 அக்டோபர் 12-ஆம் தேதி இதற்கான சட்டத்தில் ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்டார். தனி மசோதாவாகக்கூட அது வரவில்லை. அரசுச் செலவுக்கான நிதி மசோதாவின் முதுகில் ஏறி வந்தது. செனட்டில் இதற்காக உழைத்தவர்களில் இருவர் எதிரெதிர் கட்சிக்காரர்கள்: தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட், டெலவேரின் ஜோ பைடன். ஜாமீன், தண்டனை என்று பல விஷயங்கள் அடங்கிய பெரிய சட்டம் அது. நம் கதைக்கு அதில் இரண்டு சங்கதிகள் போதும். ஒன்று, பறிமுதல் பணம் இனிமேல் பொதுக் கருவூலத்தில் கரைந்துவிடாது. நீதித்துறைக்கென்று தனி நிதி, அதில் போய் விழும். இரண்டாவது, விசாரணையில் கைகொடுத்த மாநில, உள்ளூர் போலீசுக்கு அதிலிருந்து பங்கு. யார் எவ்வளவு பாடுபட்டார்களோ அதற்குத் தக்கபடி பங்கு இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. ‘நியாயப் பங்கீடு’ என்ற பெயர் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

புதுமையான யோசனை என்று பலரும் நம்பினார்கள். புதுமை இல்லை. அமெரிக்கா இதை ஒருமுறை செய்து பார்த்து, சூடுபட்டு, சட்டம் போட்டுத் தூக்கி எறிந்து சரியாக 110 வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இந்தக் கதையில் மனம் ஆறாத இடம் இதுதான்.

அந்த நாடு உருவாவதற்கு முன்பே தொடங்குகிறது இது. பிரிட்டிஷ் காலனியாக இருந்தபோது சுங்க வரி ஏய்த்து வந்த கப்பலைப் பிடித்தால் விற்ற பணம் மூன்று கூறாகும்: ஒன்று ராஜாவுக்கு, ஒன்று ஆளுநருக்கு, ஒன்று பிடித்துக் கொடுத்தவருக்கு. 1768-இல் பாஸ்டனில் வணிகர் ஜான் ஹான்காக்கின் ‘லிபர்ட்டி’ என்ற கப்பலைச் சுங்க அதிகாரிகள் பிடித்தார்கள். மடெய்ரா ஒயின் ஏற்றி வந்த கப்பல். ஊரே துறைமுகத்தில் திரண்டுவிட்டது. அதிகாரிகள் உயிருக்குப் பயந்து துறைமுகத் தீவிலிருந்த கோட்டைக்கு ஓடினார்கள். வரியின் மேல் இருந்த கோபத்தோடு, வரி வசூலிக்கிறவனுக்கு அதில் கூறு இருக்கிறது என்ற அருவருப்பும் அந்தக் கூட்டத்தில் கலந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அந்தக் கோபத்திலிருந்து பிறந்த நாடு, பிறந்ததும் செய்த காரியம் ஆச்சரியமானது. 1789 ஜூலை 31-ஆம் தேதி முதல் நாடாளுமன்றம் போட்ட சுங்கச் சட்டத்தில் பழைய கூறு வேறு கணக்கில் திரும்பி வந்தது. பிடிபட்ட பொருளின் பணத்தில் பாதி அரசுக்கு. மறு பாதியைத் துறைமுகத்தின் மூன்று மூத்த அதிகாரிகள் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம்; துப்புக் கொடுத்தவர் ஒருவர் இருந்தால் அந்தப் பாதியில் பாதி அவருக்கு. புது அரசிடம் சம்பளம் கொடுக்கப் பணமில்லை, வருமானத்துக்குச் சுங்கத்தை விட்டால் வேறு வழியில்லை. காரணம் விளங்குகிறது.

அதே காலத்தில் வேரூன்றிய இன்னொரு வழக்கமும் இதோடு சேர்ந்துகொண்டது. கப்பலின் சொந்தக்காரர் கடலுக்கு அப்பால் எங்கோ இருப்பார். அவரைப் பிடித்துக் கூண்டில் நிறுத்த முடியாது. அதனால் கப்பலையே குற்றவாளியாக்கி வழக்குப் போடுவார்கள். சொந்தக்காரருக்குத் தண்டனை கிடைத்ததா என்ற கேள்வியே எழாது. ‘பால்மைரா’ என்ற கப்பலின் வழக்கில் 1827-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜோசஃப் ஸ்டோரி இதை உறுதி செய்தார்: பொருளின் மேல் உள்ள வழக்கு தனி, ஆளின் மேல் உள்ள வழக்கு தனி. கடலுக்காக வகுத்த நியாயம் அது. பின்னால் அதே நியாயம் கரையேறிக் காருக்கும் வீட்டுக்கும் சூட்கேஸில் இருக்கும் நோட்டுக் கட்டுக்கும் பொருந்தும் என்றானது.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள். இங்கே புறங்கையில் ஒட்டியதை நக்குவது அதிகாரிக்கு உரிமை என்று சட்டமே எழுதிக் கொடுத்தது. விளைவு நியூயார்க் துறைமுகத்தில் 1872-இன் முடிவில் வெளிச்சத்துக்கு வந்தது.

ஃபெல்ப்ஸ் டாட்ஜ் என்பது உலோகம் இறக்குமதி செய்த பெரிய நிறுவனம். அதன் பங்குதாரர் வில்லியம் டாட்ஜ் பக்திமான், நியூயார்க் வணிகர் சங்கத் தலைவர், ஊரில் மதிப்புள்ளவர். சுங்கத் துறையின் சிறப்பு முகவர் ஜெய்ன், அந்த நிறுவனத்தின் எழுத்தர் ஒருவர் கொடுத்த துப்பை வைத்துக் கணக்குப் புத்தகங்களைக் கைப்பற்றினார். சில விலைப்பட்டியல்களில் விலையைக் குறைத்துக் காட்டியிருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஏய்த்ததாகச் சொன்ன வரி அற்பத் தொகை. ஆனால் அன்றைய சட்டப்படி பட்டியலில் ஒரு பதிவு பொய்யானாலும் சரக்கு முழுவதையும் பறிமுதல் செய்யலாம். வழக்குக்கும் அவமானத்துக்கும் பயந்து நிறுவனம் சுமார் 2,71,000 டாலர் கட்டிச் சமாதானமாகப் போனது.

அந்தப் பணம் எப்படிப் பிரிந்தது? பாதி அரசுக்கு. மறு பாதியில் துறைமுகத் தலைமை அதிகாரியின் கூறு மட்டும் சுமார் 22,000 டாலர். ஜெய்னின் கைக்கு அதைவிடப் பெரிய தொகை போனது. அந்தத் தலைமை அதிகாரியின் பெயர் செஸ்டர் ஆர்தர். சம்பளமும் கூறும் சேர்ந்து அவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் வந்த வருஷங்கள் உண்டு. ஆர்தர் சட்டத்தை மீறவில்லை. சட்டம் கொடுத்ததைத்தான் எடுத்துக்கொண்டார். வணிகர்கள் கொதித்ததே அதனால்தான். சோதனை போட வருகிறவர், தவறு சின்னதா பெரியதா என்று எடை போடுகிறவர், பெரியதாக இருந்தால் பலன் அடைகிறவர் என மூன்றும் ஒரே ஆள். நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 1874 ஜூன் 22-இல் புதுச் சட்டம் வந்தது: கூறு கிடையாது, இனிச் சம்பளம் மட்டும். ஆர்தரின் வருமானம் ஒரே அடியில் 12,000 டாலராக இறங்கியது. ஏழு வருஷம் கழித்து அவர் நாட்டின் ஜனாதிபதியானார்.

1874 முதல் 1984 வரை. அந்த ஒரு நூற்றாண்டில் ஃபெல்ப்ஸ் டாட்ஜ் வழக்கை நினைவில் வைத்திருந்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூறு திரும்பி வந்தபோது ஒரு வித்தியாசம் இருந்தது: அதிகாரியின் சட்டைப் பைக்குள் அது போகவில்லை, அவருடைய அலுவலகத்தின் கணக்குக்குப் போனது. நல்ல வித்தியாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அலுவலகத்துக்கு ரோந்து வண்டி வேண்டும், ரேடியோ வேண்டும், கூடுதல் நேரச் சம்பளம் வேண்டும். அவை கிடைக்கிற வழி எது என்பதும் அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

நடைமுறை இப்படி. உள்ளூர் போலீஸ் மத்திய அதிகாரிகளோடு சேர்ந்து ஒரு வழக்கைப் பிடித்தால், சொத்து மத்திய சட்டப்படி பறிமுதலாகும். பங்கு கேட்டு உள்ளூர் அலுவலகம் ஒரு விண்ணப்பம் போட வேண்டும். ‘டேக்-71’ என்று அதற்குப் பெயர். துப்பு முதலில் உங்களிடமிருந்து வந்ததா, வேறு யாராலும் செய்ய முடியாத உதவி ஏதாவது செய்தீர்களா, உங்கள் ஆட்கள் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்றெல்லாம் அதில் கேள்விகள் இருக்கும். பெரும்பாலும் அந்த மணிக் கணக்கை வைத்துத்தான் பங்கு நிர்ணயமாகும். கிடைக்கும் பணத்தைப் போலீஸ் வேலைக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும். ஊராட்சி ஏற்கனவே ஒதுக்கிய பட்ஜெட்டுக்கு மேலே போனஸாக இருக்க வேண்டுமே தவிர, அதற்கு ஈடாக இருக்கக் கூடாது. வருஷா வருஷம் கணக்குக் காட்ட வேண்டும். ஏற்பாட்டை வகுத்தவர்கள் கவனமில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது.

சிக்கல் இரண்டாவது வாசலில் வந்தது. அதற்குத் ‘தத்து’ என்று பெயர். மத்திய அதிகாரி ஒருவரும் பக்கத்தில் இல்லாமல், உள்ளூர் போலீஸ் தன்பாட்டில் ஒரு காரைத் தடுத்து நிறுத்திப் பணத்தைப் பிடிக்கிறது. பிறகு மத்திய அரசிடம் போய், இந்தப் பிள்ளையை நீங்கள் தத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறது. மத்திய அரசு தத்து எடுத்து, மத்திய சட்டப்படி பறிமுதல் செய்து, 80% வரை உள்ளூர் போலீசுக்கே திருப்பிக் கொடுக்கிறது.

எதற்கு இந்தச் சுற்று? மிசூரி மாநிலத்தின் அரசியல் சட்டத்தைப் பார்த்தால் தெரியும். அபராதமும் பறிமுதலும் பள்ளிக்கூட நிதிக்குப் போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. வட கரோலினாவிலும் அப்படித்தான். போலீஸ் பிடிக்கிற பணத்தில் போலீசுக்கு ஆசை வரக் கூடாது, அது குழந்தைகளின் பெஞ்சுக்கும் புத்தகத்துக்கும் போகட்டும் என்பதைவிடத் தெளிவான ஏற்பாடு இருக்க முடியுமா? தத்து வாசல் திறந்ததும் அந்தப் பணம் மாநிலத்தின் கையில் படாமலே வாஷிங்டன் போய் போலீஸ் நிலையத்துக்குத் திரும்பியது. பள்ளிக்கூடம் பார்த்துக்கொண்டு நின்றது. 2000-இல் ‘கான்சஸ் சிட்டி ஸ்டார்’ பத்திரிகை இதைத் தோண்டி எடுத்தபோது, இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் போலீஸ் இப்படி மாநிலச் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போவது தெரிந்தது.

நாடாளுமன்றத்துக்கு இது முன்பே தெரியாமலில்லை. 1988-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள்: மாநிலச் சட்டத்தை ஏய்ப்பதற்காகத் தத்து எடுக்கக் கூடாது. 1989 அக்டோபரிலிருந்து நடைமுறைக்கு வரும் என்று நாள் குறித்தார்கள். நாடெங்கும் போலீஸ் அமைப்புகள் எதிர்த்தன. அந்த வருஷமே, பாதுகாப்புத் துறையின் மசோதா ஒன்றுக்குள் நாலு வரியைச் செருகி அந்தத் திருத்தத்தை ரத்து செய்தார்கள். கூறு வந்ததும் வேறொரு மசோதாவின் முதுகில் ஏறித்தான், அதற்குப் போட்ட தடை போனதும் வேறொரு மசோதாவின் முதுகில் ஏறித்தான்.

அதற்குள் பணம் பெருகிவிட்டது. 1986-இல் நீதித்துறை நிதிக்கு வந்தது 9 கோடியே 37 லட்சம் டாலர். 1990 ஆகஸ்டில் நீதித்துறையின் தலைவரான அட்டார்னி ஜெனரலின் அலுவலகம் நாடெங்கும் உள்ள அரசு வழக்கறிஞர்களுக்கு அனுப்பிய குறிப்பில், பட்ஜெட்டில் காட்டிய 47 கோடி டாலர் இலக்கை எட்ட வேண்டும், பறிமுதலை வேகப்படுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டது. இலக்கு! குற்றம் நடந்தால் பிடிப்பது என்பது போய், இவ்வளவு பிடித்தாக வேண்டும் என்று ஆகிவிட்டதே. ஜெய்ன் இருந்திருந்தால் அந்தக் குறிப்பை உடனே புரிந்துகொண்டிருப்பார்.

1992 அக்டோபர் 2, காலை நேரம். கலிஃபோர்னியாவில் மாலிபு மலைகளுக்கிடையே 200 ஏக்கர் பண்ணை ஒன்றுக்குள் லாஸ் ஏஞ்சலஸ் ஷெரீஃபின் ஆட்களும் மத்திய அதிகாரிகளுமாகச் சுமார் 30 பேர் புகுந்தார்கள். கஞ்சா பயிராகிறது என்பது சந்தேகம். அறுபது வயது தாண்டிய பண்ணைக்காரர் சத்தம் கேட்டுத் துப்பாக்கியோடு படுக்கையறையிலிருந்து வந்தார். சுடப்பட்டு மனைவியின் கண்ணெதிரே செத்தார். பண்ணை முழுக்கத் தேடினார்கள். ஒரு கஞ்சாச் செடிகூட இல்லை.

பண்ணை இருந்தது வென்ச்சுரா மாவட்டத்தில். அந்த மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர் மைக்கேல் பிராட்பரி மாதக்கணக்கில் விசாரித்தார். சோதனைக்கு முன் அதிகாரிகளுக்குக் கொடுத்த காகிதங்களில் பண்ணையின் நிலப்படம் ஒன்று இருந்தது. அதன் மேல் கையால் எழுதிய குறிப்பு: அந்தப் பகுதியில் 80 ஏக்கர் 1991-இல் 8,00,000 டாலருக்கு விற்றது. கஞ்சா தேடப் போகிறவனுக்கு அக்கம்பக்கத்து நில விலை எதற்கு? பண்ணையைப் பறிமுதல் செய்யும் ஆசைக்கும் அந்தச் சோதனையில் பங்கு இருந்தது என்று பிராட்பரி எழுதினார். மாநில அட்டார்னி ஜெனரலின் அலுவலகம் அந்த முடிவை ஏற்கவில்லை. 2000-இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டமும் மத்திய அரசும் சேர்ந்து குடும்பத்துக்கு 50 லட்சம் டாலர் கொடுத்தன. அந்தக் கையெழுத்துக் குறிப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது.

அதே 2000 ஏப்ரலில் ஒரு சீர்திருத்தச் சட்டமும் வந்தது. இல்லினாயின் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஹென்றி ஹைட் வருஷக்கணக்கில் போராடிக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு, பிடிபட்ட பணம் சுத்தமானது என்று சொந்தக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். ஹைட் அந்தப் பாரத்தைத் தூக்கி அரசின் தோளில் வைத்தார். பெரிய காரியம். ஆனால் பங்கை அந்தச் சட்டம் தொடவில்லை.

நெப்ராஸ்கா நெடுஞ்சாலையில் 2003-இல் மாநிலக் காவலர் ஒருவர் வாடகைக் காரை நிறுத்தினார். வேகமாக ஓட்டினார் என்பது காரணம். பின்னால் இருந்த ஐஸ் பெட்டிக்குள் 1,24,700 டாலர். போதைப்பொருள் ஏதும் இல்லை. மோப்ப நாய் மட்டும் அடையாளம் காட்டியது. நண்பர்களோடு சேர்த்த பணம், குளிர்சாதன லாரி வாங்கப் போனேன் என்றார் ஓட்டி வந்தவர். விசாரணை நீதிமன்றம் அவரை நம்பியது. 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மாற்றித் தீர்ப்பளித்துப் பணத்தை அரசுக்குக் கொடுத்தது. வழக்கின் பெயர்: ‘அமெரிக்கா எதிர் 1,24,700 டாலர்’. பால்மைரா கப்பல் நின்ற இடத்தில் நோட்டுக் கட்டு நின்றது.

2014-இல் ‘வாஷிங்டன் போஸ்ட்’ எண்ணிப் பார்த்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, சோதனை வாரன்ட்டோ குற்றப்பத்திரிகையோ இல்லாமல் பிடித்து இந்தப் பங்கீட்டு வழியில் போன ரொக்கப் பறிமுதல்கள் 61,998. தொகை 250 கோடி டாலருக்கு மேல். அதில் 170 கோடிக்கு மேல் மாநில, உள்ளூர் போலீசுக்குத் திரும்பியது.

அந்த 2014 செப்டம்பரில் அதே பத்திரிகையில் இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஜான் யோடர், பிராட் கேட்ஸ். நீதித்துறையின் பறிமுதல் அலுவலகத்தை 1983 முதல் 1989 வரை ஒருவர் பின் ஒருவராக நடத்தியவர்கள். இந்த ஏற்பாட்டுக்கு உயிர் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள். நாங்கள் தொடங்கிய நோக்கம் கெட்டுப்போய்விட்டது, இதை எடுத்துவிடுங்கள் என்று அவர்களே கேட்டார்கள். முப்பது வருஷம் கழித்துத் தன் கையால் செய்ததைத் தவறிப்போனது என்று பெயர் போட்டு எழுத எவ்வளவு நேர்மை வேண்டும்! அந்த இருவர் மேலும் எனக்கு மரியாதை உண்டு.

2015 ஜனவரியில் அட்டார்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் தத்து வாசலைப் பெரும்பாலும் சாத்தினார். கூட்டு விசாரணைப் பங்கு மட்டும் தொடர்ந்தது. அந்த வருஷமே நியூ மெக்ஸிகோ மாநிலம் இன்னும் துணிந்து போனது: தண்டனை இல்லாமல் பறிமுதல் இல்லை, பறிமுதல் பணம் மாநிலப் பொதுநிதிக்கு, 50,000 டாலருக்கு மேற்பட்டதைத் தவிர மத்திய அரசிடம் தூக்கிக் கொடுக்கவும் கூடாது. ஒரு மாநிலம் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

வாஷிங்டனில் சாத்திய கதவு இரண்டரை வருஷம்தான் சாத்தியிருந்தது. 2017 ஜூலை 19-ஆம் தேதி அப்போதைய அட்டார்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் அதைத் திறந்தார். ஊர் போலீஸ் நிலையங்களில் தத்து வழக்குகளுக்கும் பங்கு கேட்கும் விண்ணப்பத்தை மறுபடி நிரப்பத் தொடங்கினார்கள்: பிடித்த நாள், பிடித்த பொருள், உழைத்த மணி நேரம்.